களிக்குள் வைத்த வெண்ணெய்

1

மேசை மேல் ஒரு படிவம் கிடக்கிறது. மூன்று நாட்கள் என்னென்ன சாப்பிட்டோம் என்று எழுதும் படிவம். காலை, மதியம், இரவு, இடையில் கொறித்தது என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். என் மகள் ரேவதிக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை நடக்கும். அதற்கு முன்னால் இதை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை இந்த வருஷத்துக்கான நாள்.

ரேவதி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்து நாலு. நேற்றுக் காலை கிளம்பும்போது படிவத்தை என் டீ கப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இந்த மூணு நாளும் நீங்களே சமைங்கப்பா. ஆனா நீங்க என்ன போடறீங்களோ, அதை நீங்களே எழுதணும்.”

சரி என்றேன். அவள் போய்க் கதவு சாத்தின பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன். பத்து மாதமாக அவள் சாப்பாட்டில் நான் கை வைக்கவில்லை. வைக்க விடவில்லை என்பதுதான் சரி. காரணம் போன வருஷம் மைசூரில் நடந்தது. அதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். வெளிநாட்டில் இருக்கிறவன் எழுதினால் பனி பெய்ததையும் பிள்ளை பட்டம் வாங்கியதையும்தான் எழுதுவான். இது அப்படியில்லை. நான் செய்த தப்பைப் பற்றியது.

2

நான் மைசூர் வித்யாரண்யபுரத்தில் வளர்ந்தவன். அப்பா ஹனூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தை விட்டுவிட்டு மில் வேலைக்கு மைசூர் வந்தவர். வீட்டில் எங்கள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், நர்ஸ் வேலை கிடைத்த என் மனைவி மல்லிகாவோடு அயர்லாந்துக்கு வந்தேன். கார்க் என்ற ஊர். அவள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்த்தாள், நான் பஸ் ஓட்டினேன். இன்றும் ஓட்டுகிறேன். அவளுடைய ஷிப்டுக்கும் என்னுடைய ஷிப்டுக்கும் ஒத்துவராததால் அடுப்படி என் கைக்கு வந்தது.

ரேவதி பிறந்து மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். எடை ஏறவில்லை என்று அவள் வேர்வையை எடுத்துச் சோதித்திருந்தார்கள். அதில் தெரிந்துவிட்டது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று மரபணுவில் இரண்டு பிழை சேர்ந்தால் வருவது. நெஞ்சில் சளி பிசினாகக் கட்டிக்கொள்ளும். அதே பிசின் கணையத்தை அடைத்துவிடுவதால் சாப்பிட்ட கொழுப்பு உடம்பில் ஒட்டாது. வேர்வையில் உப்பு அதிகமாக வெளியேறும்.

உப்பு என்று டாக்டர் சொன்னதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. என் அக்கா மாதேவியின் முதல் குழந்தை செல்வி. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிறந்தாள். எவ்வளவு சாப்பிட்டாலும் தேறவில்லை. நெற்றியில் முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்று அக்கா சொல்வாள். மந்திரிப்பு, தாயத்து, மூன்று டாக்டர் எல்லாம் பார்த்தார்கள். இரண்டு வயது முடியுமுன் போய்விட்டாள். அது என்ன நோய் என்று மைசூரில் யாரும் சொல்லவில்லை. கார்க்கில் ஒரு டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு எனக்கு ஒரே வேலைதான். ரேவதிக்கு ஊட்டுவது.

ஓர்லா என்று ஓர் உணவு ஆலோசகர் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போதும் அவர்தான். மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைவிட ரொம்ப அதிகமாக இவள் சாப்பிட வேண்டும், கொழுப்பாகச் சாப்பிட வேண்டும் என்றார். வெண்ணெய் போடுங்கள், க்ரீம் ஊற்றுங்கள், எண்ணெயில் பொரியுங்கள், உப்புத் தூவுங்கள் என்று எழுதியே கொடுத்தார். உலகத்தில் எந்த டாக்டரிடமும் இப்படி ஒரு சீட்டு கிடைக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் கொழுப்பைச் செரிக்க வைக்கும் கேப்ஸ்யூல் போட வேண்டும். நெய் கூடினால் கேப்ஸ்யூலும் கூட வேண்டும். அந்தக் கணக்கை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் பிள்ளைக்குப் பசி வந்தால்தானே. இருமி இருமி வாந்தி எடுப்பவளுக்குச் சோறு எப்படி இறங்கும்? தெரிந்தால் வேண்டாம் என்பாள் என்று அவளுக்குத் தெரியாமல் போட ஆரம்பித்தேன். சப்பாத்தி மாவில் நெய். பருப்பில் க்ரீம். தயிரில் பால்பவுடர். இட்லி மாவில்கூட வெண்ணெய் கலந்திருக்கிறேன், இட்லி கோபித்துக்கொண்டு தட்டையாக வந்தது. எடை வளர்ச்சி அட்டையில் வளைவாகச் சில கோடுகள் இருக்கும். இவளுடைய புள்ளி எப்போதும் கடைசிக் கோட்டுக்கும் கீழே இருக்கும். ஒன்பதாவது வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியே பால் இறக்கினார்கள். அந்தப் படுக்கையில் அவளுடைய முழங்கால்தான் அவள் உடம்பிலேயே தடிமனான இடம். அதைப் பார்த்தவன் நான்.

அத்தனை வருஷத்திலும் அவள் ஒரு தடவைகூட இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டதில்லை. மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிறந்தநாள் விருந்தில் இரண்டாவது கேக் கேட்டு அடம்பிடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

3

அப்புறம் அந்த மாத்திரை வந்தது.

நோயின் வேரிலேயே வேலை செய்யும் புது மாத்திரை. எல்லோருடைய மரபணுப் பிழைக்கும் அது பொருந்தாது. ரேவதிக்குப் பொருந்தியது. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. கொழுப்புள்ள ஏதாவது ஒன்றோடு சாப்பிட்டால்தான் அது உடம்பில் சேரும். ஆரம்பித்த மூன்றாம் நாள் வீட்டில் ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, இருமல் சத்தம். ஒரு மாதம் கழித்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். உப்பு இல்லை. பத்தொன்பது வயதுப் பெண், “என்னப்பா இது” என்று துடைத்துக்கொண்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

பசியும் வந்தது. உடம்பு தேறியது. அடிக் கோட்டைத் தாண்டினாள், நடுக் கோட்டைத் தாண்டினாள். நானும் மல்லிகாவும் கைதட்டாத குறை. பிறகு புள்ளி மேல் கோட்டையும் தாண்டியது. ஓர்லா ஒரு நாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இனி மற்றவர்கள் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டால் போதும் என்றார். எடை அதிகம், ரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது. இந்த நோய்க்காரர்களில் இப்போது பலருக்கு இப்படி ஆகிறது என்றார். பதினெட்டு வருஷம் வெண்ணெய் போடச் சொன்ன அதே அம்மாள். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது.

மல்லிகா வீட்டுக்கு வந்ததும் க்ரீம் டப்பாக்களை எடுத்து வெளியே வைத்தாள். “இத்தோட நிறுத்துங்க. புரியுதா?” என்றாள். புரிகிறது என்றேன்.

புரியத்தான் செய்தது. கை கேட்கவில்லை. நிறைய ஆட்களை ஏற்றிய பஸ்ஸில் பிரேக்கை மிதித்தால் உடனே நிற்காது, கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். என்னுடையது நிற்கவே இல்லை. க்ரீம் போன இடத்தில் நெய் வந்தது. ரேவதி தனக்கென்று கொழுப்பு நீக்கிய பால் வாங்கி வைப்பாள். பாதியானதும் நான் அதில் முழுப் பாலை ஊற்றி நிரப்புவேன். தினமும் இல்லை. அவள் முகம் வாடித் தெரிகிற நாளில். எனக்கு அவள் முகம் தினமும் வாடித்தான் தெரிந்தது.

அவள் கண்டிப்பானவள். போனில் ஒரு கணக்குச் செயலி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயையும் பதிவு செய்தாள். வேலை முடிந்து நடந்தே வீட்டுக்கு வருவாள். எடை இறங்கவில்லை. போன வருஷப் படிவத்தை அவளே உட்கார்ந்து நிரப்பினாள், அரை வாழைப்பழத்தைக்கூட விடாமல். ஓர்லா அதைப் படித்துவிட்டு, எதையும் மறந்துவிடவில்லையே என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

4

போன வருஷம் தசரா கூட்டம் வடிந்த பிறகு மூன்று வாரம் மைசூருக்கு வந்தோம். நானும் ரேவதியும் மட்டும். மல்லிகாவுக்கு லீவு இல்லை. பதினொரு வருஷத்துக்குப் பிறகு ரேவதி வருகிறாள். முன்பு அவள் நெஞ்சை வைத்துக்கொண்டு விமானம் ஏறவே பயம்.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி எங்கள் மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். டாக்டர் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “பேஷண்ட் யாரு?” என்று கன்னடத்தில் கேட்டார். இவள்தான் என்றேன். அவர் என் ஒட்டிய கன்னத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். ரேவதி சிரித்தாள். கார் ஏறிய பிறகு சிரிக்கவில்லை.

அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மச்சான் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். கேட் திறந்ததும் ரேவதியின் இரண்டு கையையும் பிடித்துத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை தடவிப் பார்த்தாள்.

“என்ற சாமி! போன வாட்டி வந்தப்போ குச்சியாட்ட இருந்தே. இப்போ எப்படிப் பூசினாப்புல இருக்கறே. ஏந்தம்பி, இவளைப் பார்த்தா நோய்க்காரின்னு எவ சொல்லுவா?”

பக்கத்து வீட்டு அம்மாளும் எட்டிப் பார்த்து, “தும்பா சென்னாகிதாளே”, ரொம்ப நன்றாக இருக்கிறாளே என்று கன்னடத்தில் பாராட்டினாள். குண்டாக இருப்பதற்காக ரேவதியை யாரும் இப்படிக் கொண்டாடியதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் “தேங்க்ஸ் அத்தை” என்றாள். அக்கா அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். செல்வியின் கை எப்படி இருந்தது என்று எனக்கும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை வெண்ணெய் மிதக்கும் தோசை. மதியம் நெய்ச்சோறு. மைசூர்பாகு ஒரு தட்டு. ரேவதி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “சாகு அத்தை, சாகு” என்றாள். போதும் என்பதற்கு அவள் அங்கே கற்றுக்கொண்ட முதல் கன்னட வார்த்தை அது. அக்கா முகம் சுருங்கிப்போனது. இதைச் சமாளிக்க ரேவதியே ஒரு வழி கண்டுபிடித்தாள். ராகி சர்க்கரைக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறாள்.

“அத்தை, எனக்கு டெய்லி மதியம் களி செஞ்சு தர்றீங்களா? உப்புச்சாறு மட்டும் போதும். அதுல ஆயில் இல்ல, கரெக்டா?”

“களியா? சீமையில இருந்து வந்து களி கேக்கறாளே!” என்று அக்காவுக்கு ஒரே பெருமை.

அன்று அக்கா களிக் கோலால் மாவைக் கிண்டிக்கொண்டிருந்தபோது நான் அடுப்படிக்குப் போனேன். உப்புச்சாறு என்றால் பருப்பும் கீரையும் வேகவைத்த தண்ணீர். இதை மட்டும் சாப்பிட்டுப் பெண் எப்படி இருப்பாள் என்று எனக்குள்ளே இருந்த பழைய ஆள் கேட்டான். மார்க்கெட்டில் அக்கா வாங்கி வைத்திருந்த வெண்ணெய் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

“அக்கா, அவளுக்கு உருட்டறப்போ உள்ளே கொஞ்சம் வெண்ணெய் வெச்சு உருட்டிரு. அவகிட்ட சொல்லிக்காதே.”

“இதைப் போயி எதுக்குச் சொல்லோணும்?” என்று அக்கா எலுமிச்சை அளவு எடுத்து நடுவில் வைத்து மூடினாள். களியை மென்று தின்ன மாட்டோம், பிய்த்துச் சாற்றில் தோய்த்து விழுங்குவோம் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன உருகியிருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது. ரேவதி இரண்டு உருண்டை சாப்பிட்டாள். கொழுப்பில்லாத சாப்பாடு என்று நினைத்து ஒரே ஒரு கேப்ஸ்யூல் போட்டாள்.

5

ஒரு வாரம் இப்படிப் போனது. காலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடப்பாள், நானும் கூடப் போவேன். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னேன். சொல்லும்போதே கேப்ஸ்யூல் கணக்கு என் தலைக்குள் ஓடியது. ஓடியதை நிறுத்திவிட்டேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்தபோது, மாத்திரை நேரமாயிற்றே என்று எடுத்து வைக்கப் போனேன். ஒரு வாரத்துக்கு ஓர் அட்டை. காலை மாத்திரை இடமெல்லாம் காலியாக இருந்தது. மாலை மாத்திரை ஏழும் அப்படியே இருந்தது. பெட்டியில் பழைய அட்டைகளும் கிடந்தன. அவற்றிலும் மாலை மாத்திரை யாரும் தொடவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் என் கையில் அட்டையைப் பார்த்தாள்.

“கத்தாதீங்கப்பா.”

“நான் கத்தலையே. எப்பத்துலேர்ந்து?”

“ரெண்டு மாசம். ஈவ்னிங் மட்டும்தான் நிறுத்தியிருக்கேன். நான் சாப்பிடறது எல்லாம் கணக்குப் பண்றேன், நடக்கறேன், ஒரு கிலோ குறையல. வயிறு வேற வலிக்குது. மாத்திரைதான் காரணம்னு தெரியுது. இங்கேருந்து போனதும் மார்னிங்கும் நிறுத்திப் பார்க்கலாம்னு இருக்கேன்.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“ஓர்லாவே என்னை நம்பல. அவங்க கேட்ட விதத்துல தெரிஞ்சுது. டாக்டர் மட்டும் நம்புவாரா?”

அந்த மாத்திரை இல்லாத குளிர்காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை இல்லை அம்மா, நான்தான் என்று. வாயைத் திறந்தேன். “காலையில பேசலாம்” என்று சொன்னேன். சொல்லிக்கொள்ளாமல் இனி நெய்யை நிறுத்திவிட்டால் போதும், தானாக எடை இறங்கும், தானாக மாத்திரையும் போடுவாள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று ஒரு திட்டம் அதற்குள் மனதில் தயாராகிவிட்டது. பயந்தாங்கொள்ளிக்குத் திட்டம் போடத் தெரியும்.

மறுநாள் ஏரிக் கரையில் பாதிச் சுற்று வந்திருப்போம். ரேவதி நின்று இருமினாள். ஒரு தடவைதான். தூசியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த இருமல் எனக்குத் தெரியும். அடியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வருவது. நாலு வருஷமாக அதை நான் கேட்கவில்லை. அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் மீதிச் சுற்றை நடந்து முடித்தோம். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போனதும் குளித்தேன், பேப்பர் படித்தேன், காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது இலை போட்டாகிவிட்டது.

அக்கா களி வைத்தாள். ரேவதி கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“இன்னிக்கு ஒண்ணு போதும் அத்தை. மதியம் சாப்பிட்டா வயிறு வலிக்குது.”

“களி தின்னா வவுறு வலிக்குமா?” அக்காவுக்கு அது தன் சமையலுக்கு வந்த கெட்ட பேர். “அதும் உள்ளே வெண்ணெய் வெச்சு உருட்டித்தானே சாமி தர்றேன். வெண்ணெய் வவுத்துக்குக் குளிர்ச்சிதானே? உங்கப்பன் சொன்னதுல இருந்து ஒரு நாளும் மறக்கலையே நானு.”

ரேவதி களியைப் பிய்த்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக உருகியிருந்தது. விரலை முகர்ந்தாள். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

“என்னாச்சு தம்பி? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?” என்று அக்கா கேட்டாள்.

“இல்லக்கா. நீ சரியாத்தான் பேசினே” என்றேன்.

6

மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ரேவதி சாமுண்டி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் திரும்பாமலே கேட்டாள்.

“இங்க மட்டுமா?”

ஆமாம் என்று சொல்ல வாய்ப்பு இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

“இல்ல. வீட்லயும்.”

“எதுல?”

சொன்னேன். சப்பாத்தி மாவு, பருப்பு, பொரியல், பால் பாட்டில். அவள் போனை எடுத்துக் கணக்குச் செயலியைத் திறந்தாள். “எத்தனை ஸ்பூன்? சின்ன ஸ்பூனா பெரிய ஸ்பூனா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்தாள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் எந்த எழுத்து தெரிகிறது என்று கேட்பது போன்ற குரல். முடித்ததும் அந்தத் தொகையைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

“எனக்கு மன உறுதியே இல்லைன்னு நெனச்சேன்பா. நான் பொய் எழுதறேனோன்னு நானே என்னை சந்தேகப்பட்டேன். ராத்திரி தூக்கத்துல எழுந்து போய்த் திங்கறேனோன்னுகூட நெனச்சேன்.”

“நீ எலும்பா கெடந்தப்போ பார்த்தேன் அம்மா. அது கண்ணை விட்டுப் போகல” என்றேன்.

“அந்தப் பொண்ணு இப்ப இல்லப்பா. நீங்க இன்னும் அவளுக்குத்தான் சமைக்கறீங்க. சாப்பிடறது நான்.”

கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். மாத்திரைக்குக் கொழுப்பு வேண்டும். நான் எழுந்தேன். என்னைத் தாண்டி அக்காவிடம், “அத்தை, ஒரு கை வேர்க்கடலை குடுங்க” என்றாள். அதைத் தின்று மாத்திரையை விழுங்கினாள். என் கையால் எதுவும் வாங்கவில்லை. மீதி இரண்டு வாரமும் தட்டில் அவளே போட்டுக்கொண்டாள்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். எடை கூடினாலும் அவளுக்கு ஆபத்துதான் என்பது அக்காவுக்குப் பிடிபடவே இல்லை. “எளைச்சுப் போயித்தானே தம்பி சாவாங்க?” என்று கேட்டாள். அவள் பார்த்தது அதைத்தான். நான் பார்த்ததும் அதைத்தான்.

மல்லிகாவிடம் போனில் சொன்னேன். “நான் நர்ஸ். என் வீட்டுப் பால் பாட்டிலை நான் பார்க்கல” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் ரேவதியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஓர்லாவிடம் நானே சொன்னேன். என் இருபத்தாறு வருஷத்து ஆங்கிலம் அன்று என்னைக் கைவிட்டது. நெய் என்பதற்கு, வெண்ணெய் என்பதற்கு, திருட்டுத்தனம் என்பதற்கு எல்லாம் வார்த்தை கிடைத்தது. ஏன் செய்தேன் என்பதற்குக் கிடைக்கவில்லை. ஓர்லா தலையை ஆட்டினார். வெண்ணெய் போடச் சொன்ன அந்தச் சீட்டை எழுதியது தானே என்றார். இப்படி நிறுத்த முடியாத அப்பா அம்மாக்களைத் தான் நிறையப் பார்ப்பதாகவும் சொன்னார். அது ஆறுதலாக இருந்தது, ஆனால் போதவில்லை.

7

பத்து மாதமாக ஃப்ரிட்ஜில் இரண்டு அடுக்கு அவளுடையது. அவளே சமைத்தாள். முதலில் உப்பில்லாமல், பிறகு ஓரளவு சாப்பிடும்படி. எனக்கு ஒரு வாய் தருவாள், நன்றாக இருக்கிறது என்பேன். மாத்திரை இரண்டு வேளையும் தவறுவதில்லை. எடை மெல்ல இறங்கிவருகிறது. இருமல் இல்லை. நெய் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை மேல் வைத்துவிட்டேன். மாதக் கணக்கில் அது அப்படியே இருந்தது.

நேற்று சமைத்தேன். சப்பாத்தி, பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல். ஒவ்வொன்றிலும் என்ன போட்டேன் என்று அளந்து எழுதினேன். பருப்புக்கு ஒரு சின்ன ஸ்பூன் நெய் எடுத்தேன். ஸ்பூன் கும்பலாக இருக்கிறதோ என்று கத்தியால் வழித்துவிட்டேன். பிறகும் சந்தேகம் வந்து கொஞ்சம் டப்பாவிலேயே தட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள், இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய கைதான் இது.

ரேவதி வேலை முடிந்து வந்தாள். மாத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் படிவத்தைப் படித்தாள், நான் எழுதியதை ஒவ்வொரு வரியாக. பிறகு பருப்பைப் பார்த்தாள். ஸ்பூனால் கலக்கிப் பார்த்தாள்.

“அப்பா, ஒரு ஸ்பூன்னு எழுதியிருக்கு. இதுல ஒரு ஸ்பூன் இல்லயே.”

“கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்னு...”

“மாத்திரைக்கு இது பத்தாது.” டப்பாவை என் பக்கம் தள்ளினாள். தட்டை நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் போடுங்க.”

போட்டேன். அவள் சாப்பிட்டு மாத்திரையை விழுங்குகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து போன பிறகு படிவத்தை எடுத்து, நெய் ஒரு ஸ்பூன் என்பதை அடித்துவிட்டு ஒன்றரை என்று திருத்தினேன். குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. ஓர்லாவுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் எழுதினேன்: அவளே கேட்டு வாங்கியது.